சேதாரம் போக ஆறு மணி நேரம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். திருநெல்வேலி ஜில்லாவில் நான் முத்திரை அடிக்காத தராசு இல்லை. ஐந்து கிராம் குறைந்த படிக்கல்லைக் கையில் தூக்கியே கண்டுபிடித்துவிடுவேன். ஒருமுறை சங்கரன்கோவில் சந்தையில் வியாபாரி விட்ட பெருமூச்சை வைத்தே கண்டுபிடித்தேன். அப்படிப்பட்டவன் ஒன்றைக் கூட்டியும் சொல்ல மாட்டான், குறைத்தும் சொல்ல மாட்டான். சந்தேகம் உள்ளவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நான்கு அடைப்பு. காலிலிருந்து ஒரு நரம்பை உருவி இதயத்தில் வைத்துத் தைத்தார்கள். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிட்டார்கள், தோட்டத்து வேலிக்குக் கட்டுவார்களே, அதுபோல. எட்டாம் நாள் பாளையங்கோட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே மூச்சை இழுத்தால் மூன்று பந்து மேலே ஏறும் ஒரு பிளாஸ்டிக் சாமான், இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை, மூன்று மாதத்துக்கு மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு.

அறுபத்தேழு வருஷம் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தவனை மல்லாந்து படு என்றால் தூக்கம் எந்த வழியாக வரும்? ரிப்பேர் பார்த்த இதயம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு தன் வேலையைச் சத்தமாகச் செய்தது. போதாததற்குப் பயம். ஆபரேஷன் மேஜையில் கண்ணை மூடி ஒருமுறை திறந்தாயிற்று. இரண்டாவது முறையும் திறக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? பதினோரு நாள் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. மின்விசிறியின் சுற்றை எண்ண ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள் முடிவில் இருபத்தொரு லட்சம். நடுவில் இருமுறை மின்சாரம் போனதைக் கழித்துத்தான் சொல்கிறேன்.

தூங்கினால்தான் எலும்பு கூடும் என்றார் டாக்டர். எலும்பு கூடாவிட்டால் மறுபடி திறந்து கட்ட வேண்டியிருக்கும், இந்த வயசில் அது நல்லதில்லை என்றும் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரைக்குத் தூக்கம் வந்தது, எனக்கு வரவில்லை. கடைசியில் என்னையும் என் மனைவியையும் அதே ஆஸ்பத்திரியின் நாலாம் மாடிக்கு அனுப்பினார். அங்கே உறக்கப் பகிர்வு என்று ஒரு பிரிவு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் ஜெபக்கனி. நாற்பது வயசிருக்கும். சிரிக்கவே மாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் வேடிக்கை பார்ப்பது போல ஒரு முகம்.

"இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார்" என்றாள். "தூங்குறப்போ மூளை சும்மா இருக்காது. உடம்புக்கெல்லாம் ரிப்பேர் உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கும். அந்த உத்தரவ ஒருத்தர் தலையிலேருந்து எடுத்து இன்னொருத்தர் தலைக்கு அனுப்புதோம். அவங்க தூங்குவாங்க, உங்களுக்கு ஆறும்."

"தூங்குகிறவங்களுக்கு?"

"தூங்கின மாதிரி இருக்கும்."

இன்னொன்றும் சொன்னாள். மூன்று மணி நேரத் தூக்கத்தை எடுத்தால் ஒரு மணி நேரம்தான் வந்து சேருமாம். நகைக்கடை மாதிரிதான் சார், சேதாரம் உண்டு என்றாள். மூன்றில் இரண்டு பங்கு சேதாரம்! நான் பதவியில் இருந்திருந்தால் அந்த மெஷினுக்கு முத்திரை அடித்திருக்க மாட்டேன். அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அவள் என்னை ஒரு பழைய தராசைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

தூக்கத்தை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது, சட்டம் இருக்கிறது. ரத்த உறவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். தோஹாவில் இருக்கும் மகனிடம் கேட்டேன். தனக்கே மாறி மாறி ஷிப்ட், கொடுப்பதற்குக் கையிருப்பு இல்லை என்றான். என் தம்பி போனை எடுக்கவில்லை. என் மனைவியின் தம்பி ஆவுடையப்பன் தென்காசியில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறான். சட்டம் மட்டும் இடம் கொடுத்திருந்தால் நான் கொடுத்திருப்பேன் அத்தான் என்று மூன்று தடவை சொன்னான். மச்சினனுக்குச் சட்டம் இடம் கொடுக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சொன்னான்.

என் மனைவி உலகம்மையை யாரும் கேட்கவில்லை. இந்தப் பேச்செல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே அவள் ஒரு பையில் மாற்றுச் சேலையும் ஆதார் அட்டையும் எடுத்து வைத்துவிட்டாள்.

பிரிவு ஆரம்பித்த இந்த நாலு வருஷத்தில் ஆண்கள் யாரும் கொடுத்ததில்லையா என்று ஒரு பேச்சுக்கு ஜெபக்கனியிடம் கேட்டேன். "ஒருத்தர் கொடுத்தார் சார், மிலிட்டரிக்காரர். மேலேருந்து உத்தரவுன்னு நெனச்சுட்டார்" என்றாள்.

ஒப்புதல் கமிட்டியில் மூன்று பேர். உறவை நிரூபிக்கக் கல்யாண போட்டோ கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் போட்டோவில் உலகம்மை தலையைக் குனிந்திருப்பாள், வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரியும். இது நீங்கள்தானா என்று கேட்டார் நடுவில் இருந்த அதிகாரி. அப்படித்தான் சொல்லுதாங்க என்றாள்.

"உங்க விருப்பத்தோடதான் கொடுக்கீங்களாம்மா?"

"அவளுக்கு முழுச் சம்மதம் சார்" என்றேன் நான்.

"அவங்களத்தான் கேட்டேன்."

உலகம்மை என்னைக் காட்டி, "அவங்க சொல்லுதாங்கள்லா" என்றாள். அதிகாரி 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் கூடத்தில் அவள் தலையில் ஒரு பட்டை, அறையில் என் தலையில் ஒரு பட்டை, நடுவில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. படுத்த பத்தாவது நிமிஷம் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. பன்னிரண்டு நாளில் முதல் தூக்கம். ஆனால் அந்தச் சந்தோஷம் நாலரை மணி வரைக்கும்தான். நாலரைக்கு யாரோ தோளைப் பிடித்து உலுக்கியது போல எழுந்து உட்கார்ந்தேன். குழாயில் தண்ணீர் வரப்போகிறது என்று உடம்பு சொன்னது. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியாது. அது குடத்தில் எப்போதும் இருக்கும் ஒரு பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வாசல் குழாய்க்குப் போனேன். புஸ் என்று காற்று வந்தது, பின்னாலேயே தண்ணீர் வந்தது.

அதோடு போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பால் பாக்கெட் விழும் சத்தத்துக்கு முன்னால் விழித்தேன். கேஸை மூடினேனா என்று விழித்தேன். வாசல் தாழ்ப்பாளுக்கு விழித்தேன். எல்லாவற்றையும்விடக் கொடுமை, என் மூச்சு லேசாக இழுத்தால் போதும், அந்தச் சத்தத்துக்கு நானே விழித்துக்கொண்டேன். நான் மூச்சு விடுவதை நானே ஒட்டுக்கேட்டுக்கொண்டு தூங்குவது என்ன தூக்கம்?

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தேன், இரண்டு பிரதிகளில். பெறப்பட்ட தூக்கம் அடர்த்தி குறைவாக உள்ளது, பல இடங்களில் ஓட்டைகள் காணப்படுகின்றன, கொடுப்பவர் தரப்பில் கலப்படம் உள்ளதா எனச் சோதித்துத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தேன். உலகம்மைதான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜெபக்கனி ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதில் கோடு கோடாக ஏதோ ஓடியது. ரொம்ப நேரம் பார்த்தாள். உலகம்மை காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் பேசினாள்.

"கலப்படம் இல்ல சார். சுத்தமான சரக்குதான். அவங்ககிட்ட இருக்கறதே இதுதான்."

"அப்படின்னா?"

"ராத்திரிக்குப் பதினேழு தடவ முழிக்காங்க. முழிக்கறது அவங்களுக்கே தெரியாது. அதுல பதினொண்ணு உங்களால."

"நான் என்ன செய்தேன்?"

"மூச்சு விட்டீங்க."

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த பயமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஜெபக்கனி தலையை ஆட்டினாள். "இல்ல சார், ஓட்டை ரொம்பப் பழசு. ஓரமெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. முப்பது முப்பத்தஞ்சு வருஷத்துப் பழக்கம்" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஒரு வாய் குடித்தாள். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். சர்க்கரைக்குப் பதில் உப்பு.

நல்ல மனுஷன் என்று ஒருவன் இருந்தால் இந்த இடத்தில் பட்டையைக் கழற்றி வைத்திருப்பான். நான், இதைச் சரிசெய்ய ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

வழி இருந்தது. நாலாம் மாடியில் கொடுப்பவர்களுக்கென்றே ஒரு வார்டு. அங்கே படுத்தால் காது கேட்க வேண்டியதில்லை, யாரும் கூப்பிட மாட்டார்கள், ஊசி போட்டு அடிமட்டம் வரைக்கும் தூங்க வைப்பார்கள். எடுப்பதை அங்கிருந்து செல்போன் கோபுரம் வழியாக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். மூன்று வாரம் ஒரு தவணை. உலகம்மை அந்தப் பையை மறுபடியும் எடுத்தாள். எனக்குச் சமைக்க ஒரு ஆளை ஏற்பாடு செய்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டு, பஸ் ஏறிப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு வந்ததுதான் தூக்கம். அவள் பதினெட்டு மணி நேரம் தூங்கினாள், சேதாரம் போக எனக்கு ஆறு மணி நேரம் கிடைத்தது. முதல் தேங்காய்ப்பால் மாதிரி ஓட்டையில்லாத கெட்டித் தூக்கம். முகத்தில் சதை போட்டது, தையல் காய்ந்தது, மூன்று பந்தும் கூரையில் இடித்தன. பாளையங்கோட்டையில் ஒருவனுக்கு நெஞ்சைத் திறந்தால், ஊரிலுள்ள எல்லோருக்கும் அவனை வந்து பார்க்கும் உரிமை வந்துவிடுகிறது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். உலகம்மை எங்கே என்று கேட்டார்கள். தூங்கப் போயிருக்கிறாள் என்றேன். கொடுத்து வச்சவ என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

மூன்றாவது வாரம் ஆவுடையப்பன் வந்தான். ஆப்பிள் கொண்டு வரவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்காளப் பாத்துட்டு வாரேன்" என்றான். "சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்கா. என்னயப் பாத்து, எப்பம்பா வந்த, அம்மா சாப்ட்டாளான்னு கேக்கா. அம்மா செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு அத்தான்."

தூக்கக் கலக்கமாக இருக்கும் என்றேன்.

"யாருக்குத் தூக்கம், யாருக்குக் கலக்கம்? ஒங்க முகத்தக் கண்ணாடியில பாத்தீங்களா? மாப்பிள கணக்கால்லா இருக்கீங்க."

சட்டம் இடம் கொடுத்திருந்தால் நீ கொடுத்திருப்பாய் அல்லவா என்று கேட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன், அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் இருபத்திரண்டு கட்டில். இருபத்திரண்டிலும் பெண்கள். கணவனுக்காக மனைவி, மகனுக்காகத் தாய், அப்பாவுக்காக மகள் என்று கால்மாட்டில் அட்டை தொங்கியது. தூங்கும் முகத்தில் ஒரு தளர்ச்சி இருக்குமே, அது ஒருத்தி முகத்திலும் இல்லை. வேலைக்குப் போன முகமாகவே இருந்தார்கள். உலகம்மையைச் சாப்பிட எழுப்பியிருந்தார்கள். தட்டில் இட்லி இருந்தது. விண்டது வாய்க்குப் போகுமுன் விழுந்தது. என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

ஜெபக்கனி என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தாள். இரண்டாவது தவணைக்கான படிவம், இன்னும் மூன்று வாரம்.

"ஒளிக்காமச் சொல்லுதேன் சார். உங்க எலும்பு பாதிதான் கூடியிருக்கு. இப்ப நிறுத்தினா மீதி கூடுமான்னு டாக்டராலயே சொல்ல முடியல. நிறுத்தலன்னா, அம்மாவோட இதயம் அப்பப்ப ஒரு துடிப்ப விடுது. இன்னும் மூணு வாரம் தாங்குமான்னும் சொல்ல முடியல. நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

"அவள் தூக்கத்துக்கு என் கையெழுத்தா?"

"வாங்குறவர் போட்டாத்தான் செல்லும்."

படிவத்தோடு உலகம்மையிடம் போனேன். எதையும் மறைக்கவில்லை, எலும்பையும் சொன்னேன், துடிப்பையும் சொன்னேன். அவள் இட்லியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"போட்டிருங்க. எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கா? நிற்க முடியலையே உனக்கு."

"தூங்கினது எனக்குத் தெரியல. ஆனா யாரும் கூப்பிடாம இருந்தது தெரிஞ்சுது."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன ஒரே புகார் அது. அதையும் புகாராகச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த நற்சான்றாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நானே சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும். இருந்தாலும் நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும். அந்தப் படிவத்தை நாலாகக் கிழித்தேன். என் தலைப் பட்டையைக் கழற்றி ஜெபக்கனி கையில் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன். உலகம்மையைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்து, அறையில் என் கட்டிலில் படுக்க வைத்து, கதவைச் சாத்தினேன்.

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கினேன். குக்கரின் விசில் தலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சோற்றைப் பானையில் வடித்தேன். முதல் நாள் கஞ்சியானது, இரண்டாம் நாள் சோறானது. நாலரைக்குக் குழாய் புஸ் என்னும் முன்பே போய், நெஞ்சுக் கம்பி கிறீச்சிட ஏழு குடம் பிடித்தேன். பால்காரனைத் தெருமுனையிலேயே மறித்துப் பாக்கெட்டைக் கையில் வாங்கினேன். நலம் விசாரிக்க வந்த கூட்டத்தை, எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினேன். வேப்பிலைகூடக் கட்டினேன். மூச்சுச் சத்தம் அவளை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக, கதவுப் பக்கம் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டே போய் வந்தேன். அந்தப் பயிற்சியில் என் நுரையீரல் ஒரு விரற்கடை விரிந்துவிட்டதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது.

அவள் நாலு நாள் தூங்கினாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு காலை மடக்கி, கட்டில் முழுவதையும் எடுத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கு அவ்வளவு இடம் தேவைப்படும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த நாலு நாளும் நான் ஒரு கண் மூடவில்லை. ஆனாலும் என் எலும்பு கூடிவிட்டது. எப்படிக் கூடியது என்று டாக்டர்கள் கூடிப் பேசினார்கள், புரியாமல் கலைந்தார்கள். ஆவுடையப்பன் வந்து, அத்தான் என்னை மன்னிச்சிருங்க என்று காலில் விழுந்தான். எழுந்திரு, மெதுவாகப் பேசு, அக்கா தூங்குகிறாள் என்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கதவு திறந்தது. உலகம்மை தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடத்தோடு நின்றாள். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் தூங்கிக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"தூங்கு" என்றேன்.

இதுவரை சொன்னது கள்ள எடை. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தது எனக்கு இல்லை, உலகம்மைக்கு. அவள் தூக்கமில்லாமல் கிடந்த நாற்பத்திரண்டு நாளும் நான் அடுத்த அறையில் இரவு ஒன்பதரைக்குப் படுத்துக் காலை ஆறரைக்கு எழுந்தேன்.